சந்தனம் இறுகிய சுருள்வில்

பாளையங்கோட்டை ஞானாபரணத்தின் விரல் பட்டால், நின்றுபோன கடிகாரம் விட்டுப்போன நாட்களையும் சேர்த்து ஓடும் என்பார்கள். அதனால்தான் அம்பாசமுத்திரத்துப் பக்கத்து ஜமீன்தார் அவருக்கு வண்டி அனுப்பினார்.

சீமையிலிருந்து அவருக்குக் கப்பலில் வந்த பந்து விளையாட்டுப் பலகை பழுதாகிவிட்டது. கம்பியை இழுத்துவிட்டால் சுருள்வில் பந்தை உந்தும். பந்து மேலே ஓடி, எண் போட்ட குழி ஒன்றில் விழும். ஆயுத பூசைக்கு மறுநாளிலிருந்து கம்பி அசையவில்லை.

ஞானாபரணம் வில்லைக் கழற்றினார். உள்ளே சந்தனம் கல்லாய் இறுகிக் கிடந்தது. பூசையன்று ஜமீன்தார் தம் கையாலேயே அதை அப்பியதை அரண்மனையே பார்த்திருந்தது.

“என்னவே கோளாறு? எந்தப் பய செஞ்ச வேலை?” என்றார் ஜமீன்தார்.

உண்மையைச் சொன்னால் தன் முதுகுத் தோல் உரியும். ஞாயிறுதோறும் போகும் வேதக்கோயிலில் பொய் பேசாதவர் என்று பேரெடுத்த ஞானாபரணம், சந்தனக் கட்டியை மடியில் செருகிக்கொண்டார்.

“தூசிதான், மகாராசா.”

தூசி தட்டுகிற இசக்கிமுத்துவைத் தூணில் கட்டினார்கள்.

“அண்ணாச்சி, நான் தெனமும் தொடைக்கேன்லா! நெசத்தச் சொல்லுங்க!” என்று அவன் கதறினான். ஞானாபரணம் குனிந்தபடி வில்லுக்கு எண்ணெய் போட்டார்.

“எத்தனை சவுக்கடின்னு பந்தே சொல்லட்டும். நீரே இழுத்துவிடும்வே” என்றார் ஜமீன்தார் ஞானாபரணத்திடம்.

மெல்ல இழுத்தால் பந்து இரண்டாம் எண் குழியைத் தாண்டாது என்று நினைத்து, ஞானாபரணம் ஒரு நகக்கண் அளவே இழுத்தார். ஆனால் அவர் சரிசெய்த வில்லாயிற்றே! பந்து உச்சிவரை பாய்ந்து ஐம்பதில் விழுந்தது.

“இப்படில்லா வேலை செய்யணும்!” என்று ஜமீன்தார் கைதட்டினார். சவுக்குக்காரன் எண்ணத் தொடங்கினான்.