என் வீட்டுப் பாத்திரங்களும் கன்னியம்மாவின் நான்கு நாட்களும்

முதலில் வந்த அறிகுறி ஒரு மாவுப் பாத்திரம். இட்லி மாவு தீர்ந்ததும் தண்ணீர் ஊற்றி சிங்க்கில் வைத்தேன். காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினோரு நாள் கழித்தும் அது அங்கேயே இருந்தது. அதன்மேல் வேறு பாத்திரங்கள் ஏறியிருந்தன. தண்ணீரில் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. ஒரு மூடியை எடுத்து அதை மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அதனால்தான் இதை நோய் என்று சொல்ல எனக்கு ஓராண்டு ஆனது. உங்கள் வீட்டிலும் இப்படி மூடி வைத்த பாத்திரம் ஒன்று இருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் லைன் லீடர் (உற்பத்தி வரிசை ஒன்றின் பொறுப்பாளர்). வயது முப்பத்தெட்டு. சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீடு. கணவர் சேகருக்கு வேறொரு கம்பெனியில் ஷிப்டு வேலை. மகள் நிவேதா ஆறாம் வகுப்பு. எங்கள் லைனில் 'ஃபைவ் எஸ்' (வேண்டாததைக் கழித்து, வேண்டியதை அதனதன் இடத்தில் வைத்து, இடத்தைச் சுத்தமாகப் பேணும் ஜப்பானிய முறை) என் பொறுப்பு. ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஸ்பேனரின் உருவத்தை வரைந்து வைப்பவள் நான். இடம் மாறி மாட்டினால் யாரையும் விடமாட்டேன். இரண்டு முறை கேடயம் வாங்கியிருக்கிறேன். இரண்டுமே வீட்டில் அழுக்குத் துணிக்கு அடியில் எங்கோ கிடந்தன.

சேகர் ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா செல்வி இது? கம்பெனிய அப்பிடி பளபளன்னு வெச்சிக்கினு கீற. வூட்ல கால் வெக்க எடமில்ல. அங்க மட்டும் எப்பிடி ஒடம்பு வளையுது?"

நானும் என்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கழுவியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இப்போது நானும் கேட்கிறேன். அப்போது எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை.

நிவேதா தட்டு இல்லாமல் தூக்குவாளி மூடியில் இட்லி வைத்துச் சாப்பிட்டாள். தோழிகளை வீட்டுக்குக் கூப்பிடுவதை அவள் எப்போது நிறுத்தினாள் என்றுகூட எனக்குத் தெரியாது. பெற்ற மகள் முன்னால் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அப்போதும் எழுந்து ஒரு தட்டைக் கழுவவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சுத்தம் செய்யும் முன் ஒரு படம், செய்த பின் ஒரு படம். இரண்டையும் லைனின் வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டும். 'முன்' படத்தை எடுத்துவிட்டால் கை சும்மா இருக்காது. இந்த வித்தையை வீட்டில் செய்து பார்ப்போம் என்று ஒரு காலை சிங்க்கைக் கிட்டே போய்ப் படம் எடுத்தேன். கை சும்மாதான் இருந்தது. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட, அப்படியே ஓடினேன். பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் முந்தைய நாளின் லைன் படங்களைக் குழுவில் போட்டபோது இதுவும் சேர்ந்து போய்விட்டது.

இறங்கும்போது பார்த்தேன். சூப்பர்வைசர் கேட்டிருந்தார்: "இது எந்த ஏரியா? ஓனர் யாரு?" கம்பெனியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார், அவரைத்தான் ஓனர் என்போம். "கேன்டீன் மாதிரி இருக்கு சார்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அடுத்து சூப்பர்வைசரே, "செல்வி மேடம், கேன்டீனா?" என்று கேட்டிருந்தார்.

"ஆமா சார்" என்று போட்டேன்.

யோசிக்கவே இல்லை. என் வீடு தப்பித்தது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மதியம் கேன்டீனில் பாத்திரம் கழுவும் கன்னியம்மாவை, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று, அந்தப் படத்தைப் பார்த்த கேன்டீன் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். மணிமங்கலம் பக்கத்திலிருந்து வருபவள், என்னைவிடப் பத்து வயது சிறியவள். "காலைலயே கழுவி கவுத்துட்டேன் சார், வந்து பாருங்க சார்" என்று அவள் கெஞ்சியது எனக்குக் கேட்டது. படம் எடுத்த பிறகு கழுவியிருப்பாய் என்றார் அவர். நான் கையில் சோற்றுத் தட்டோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். "சார், அந்தப் படம் எங்க வூட்டு சிங்க்கு."

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "உங்க வூடா மேடம்?"

"நான்தான் சார் ஓனர்" என்றேன். அங்கேயே அழுதேன். அவர் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். பிறகு என்னிடம், லீவு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் கன்னியம்மா வந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். தேய்த்துக்கொண்டிருந்த தட்டிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

"உங்க வூட்டு எச்சத் தட்டுக்கு என்னிய வெளிய நிக்க வெச்சிட்டீங்களேக்கா" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் அவமானமாக இருந்திருக்கும்.

அந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போனேன். தைராய்டு (கழுத்துச் சுரப்பி, அது குறைவாகச் சுரந்தாலும் உடல் சோர்ந்துபோகும்) பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. டாக்டர் அம்மா தூக்கம், பசி, அழுகை என்று பொறுமையாகக் கேட்டார். மனச்சோர்வு நோய் (வாரக்கணக்கில் மனமும் உடலும் இயங்க மறுக்கும் நிலை) என்றார்.

"சோம்பேறித்தனம் இல்லையா மேடம்? கம்பெனில நல்லாத்தான செய்றேன்?"

"அங்க லைன் உங்கள இழுத்துக்கிட்டு ஓடுது. வீட்ல உங்கள நீங்களேதான் இழுக்கணும். அந்தத் தெம்புதான் போயிருக்கு."

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றார். கூடவே செயல்வழிச் சிகிச்சை (மனம் வரட்டும் என்று காத்திராமல் மிகச் சிறிய வேலையில் தொடங்குவது). எனக்கு அது ஒரு நாளைக்கு ஒரு பாத்திரம். இரண்டாவதைக் கழுவத் தோன்றினாலும் கழுவக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு கேடயம் வாங்கியவளுக்கு ஒரு டம்ளர்.

அந்த ஒரு டம்ளர் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். அந்த நேரத்தில் லைனில் நாற்பது பீஸ் ஓடியிருக்கும். கை குழாய் வரை போய்த் திரும்பியது. கடைசியில் கழுவிக் கவிழ்த்தபோது வியர்த்துவிட்டது. சேகர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தள்ளு" என்று சொல்லி, மூடி வைத்த அந்த மாவுப் பாத்திரத்தை அவரே எடுத்தார். அந்த நாற்றத்தில் இருவருமே மூக்கைப் பொத்தினோம்.

எட்டு மாதம் ஆகிறது. மாத்திரை தொடர்கிறது. வீடு பளபளக்கவில்லை. நிவேதா தட்டில் சாப்பிடுகிறாள். சில நாள் மூன்று பாத்திரம், சில நாள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத நாளை நான் யாரிடமும் மறைப்பதில்லை.

கேன்டீனில் சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம். கன்னியம்மாவிடம் மன்னிப்புக் கேட்ட நாளிலிருந்து என் தட்டை நானே கழுவித்தான் வைத்தேன். போன வாரம் அவள் என் கையிலிருந்து தட்டை வெடுக்கென்று வாங்கினாள்.

"வெச்சிட்டுப் போங்கக்கா. இங்க கழுவ நா கீறேன். வூட்ல போய் கழுவுங்க."

வீட்டுக்கு வந்தேன். சிங்க்கில் இரண்டு தட்டு இருந்தது. முன்பெல்லாம் என் கை என்னைக் கேட்காமலே வேலை செய்யும். இப்போது நான் சொல்லவேண்டும், அது யோசிக்கும், நான் காத்திருக்கவேண்டும். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துக் கை போய்க் குழாயைத் திறந்தது.