யுத்தம் முடிந்த அன்று கிண்டிய கஞ்சி

என் அப்பா இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவ அதிகாரி. கேப்டன். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்த கேள்வியிலேயே சப்பென்று போய்விடும். காரணம், அப்பா இருந்தது அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஏற்றிப்போகும் ராணுவ லாரிக் கம்பெனியில். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர், சிதம்பரம் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ரிட்டயரானார்.

சின்ன வயதில் நான் அவரை விட்டவளில்லை. சரித்திரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெரிய சம்பவமாகக் கேட்பேன்.

“சிங்கப்பூர் விழுந்தப்போ நீங்க எங்கப்பா இருந்தீங்க?”

“மெட்ராஸ்ல. கடவாப்பல்லு புடுங்கிக்கிட்டு இருந்தேன்.”

“இம்பால சுத்தி வளைச்சாங்களே, அப்போ?”

“அஸ்ஸாம் ரயிலடில. மழையில அரிசி மூட்ட நனையாம தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

“ஜப்பான்காரன் சரணடைஞ்ச அன்னைக்கு?”

“ரங்கூன்ல. கஞ்சி கிண்டிக்கிட்டு இருந்தேன்.”

எனக்கு ஆத்திரமாக வரும். கேப்டன் போய் எதற்குக் கஞ்சி கிண்டவேண்டும்? மனுஷர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம், மறைக்கும் அளவுக்கு அவரிடம் ஒன்றுமே இல்லை என்று நினைத்தேன். இரண்டாவது நினைப்புதான் ரொம்ப நாள் வலித்தது.

நான் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சரானேன். பத்தாம் வகுப்பில் உலகப் போர் பாடம் வரும். முதல் வருஷம், பிள்ளைகள் கொட்டாவி விடுவதைப் பார்த்து, “எங்கப்பா இம்பால்ல துப்பாக்கியோட பதுங்கு குழியில இருந்தாரு” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வகுப்பே கண்ணை விரித்தது. அவ்வளவுதான், ருசி கண்ட பூனையாகிவிட்டேன். அடுத்த வருஷம் ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு அனுப்பினேன். அதற்கும் அடுத்த வருஷம் தோளில் ஒரு குண்டு பாய்ந்தது. யுத்தம் முடிந்த அன்று ரங்கூனில் கொடியேற்றியதும் என் அப்பாதான். ரிட்டயராகும்வரை இப்படியே ஓட்டினேன். தேதியைத் தப்பாக எழுதிய பிள்ளையை மட்டும் பிரம்பால் அடித்தேன்.

இப்போது கடலூரில் மகனோடு இருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் வீடு, காலையில் நடை, மாலையில் பேத்தியோடு சண்டை. குறையொன்றும் இல்லை. போன ரம்ஜான் மாதத்தில் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள்.

“டீச்சர், நாங்கல்லாம் சேந்து சிதம்பரத்துல உங்களுக்கு ஒரு பாராட்டு விழா வச்சிருக்கோம். உங்க அப்பா படம் போட்டு பேனர் அடிச்சிருக்கேன். அவரு சண்ட போட்ட கதய நீங்க மேடையில சொல்லணும்.”

சரி என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நாலு சுவருக்குள் பிள்ளைகளிடம் விட்ட கதை வேறு. மைக் பிடித்து, பிள்ளை குட்டி பெற்ற பெண்கள் முன்னால் மறுபடியும் அந்தப் பொய்யைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், இத்தனை வருஷ மரியாதை ஒரு சாயங்காலத்தில் போய்விடும். பஸ்ஸில் சிதம்பரம் போய்ச் சேரும்வரை இதே யோசனை.

கல்யாண மண்டபத்து வாசலில் பேனரைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பின்னால் டாங்கி, மேலே விமானம், நடுவே கையில் துப்பாக்கியோடு அகன்ற மார்புள்ள ஒரு உடம்பு. அதன் மேல், தாலுகா ஆபீஸ் குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த அப்பாவின் கண்ணாடி போட்ட முகம். அதுகூடப் பரவாயில்லை. பேனர் கடைக்காரர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்த அந்த உடுப்பு ஜெர்மன்காரனுடையது. என் அப்பாவை எதிரிப் படையிலேயே சேர்த்துவிட்டார்கள். சரித்திரம் சொல்லிக்கொடுத்த லட்சணம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மணமகள் அறையில் என்னை உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டார்கள். ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்தவள். மூன்றாவது பெஞ்ச், வாயே திறக்காது. கையில் துணி சுற்றிய ஒரு தூக்கு.

“நோன்புக் கஞ்சி டீச்சர். உங்க வீட்டுக்கு எங்க தாத்தா வருஷா வருஷம் குடுத்தனுப்புவாங்களே, அந்தக் கஞ்சிதான்.”

எங்கள் வீட்டுக்கு ரம்ஜான் தோறும் ஒரு தூக்கு வரும். அப்பாவின் பழைய டிரைவர் அனுப்புகிறார் என்பார்கள். நானும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு விளையாட ஓடிவிடுவேன். அப்பா போனபின் தூக்கும் நின்றுபோனது. அந்த டிரைவரின் பேத்தி என் வகுப்பில் இருந்தது எனக்குத் தெரியாது.

“எங்க ஊரு ஆளுங்க ஆறு பேரு உங்க அப்பா கம்பெனியில லாரி ஓட்டுனாங்க. யுத்தம் முடிஞ்சிதுன்னு சேதி வந்தப்போ ரங்கூன்ல நோன்பு மாசம் டீச்சர். ஆறு பேரும் சரக்கு ஏத்திக்கிட்டு வெளிய போயிருந்தாங்க. கேம்ப்புல சமையக்காரங்க மொதக்கொண்டு எல்லாரும் ஆட்டம் பாட்டம்னு பூட்டாங்க. இவுங்க திரும்பி வந்தா நோன்பு தொறக்க ஒண்ணும் இருக்காதுன்னு, உங்க அப்பா தானே அடுப்பு பத்தவச்சு கஞ்சி கிண்டியிருக்காரு. எங்க தாத்தா சாவுற வரைக்கும் இதச் சொல்லுவாங்க.”

தலை குனிந்துகொண்டேன். கேட்டபோதெல்லாம் அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஆதாரம் வருஷா வருஷம் தூக்கில் வந்திருக்கிறது. சரித்திரம் படித்த நான் அந்த ஆதாரத்தைக் குடித்துத் தீர்த்திருக்கிறேன். என் அப்பாவை நினைத்து நான் வெட்கப்பட்டேனே என்று அழுகை வந்தது.

“அவரு கொடியேத்துனாருன்னு நான் வகுப்புல சொன்னப்போ நீ கேட்டுக்கிட்டுதானடி இருந்த? அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“தாத்தாகிட்ட கேட்டேன் டீச்சர். ‘கேப்டன் மவ சொன்னா சரியாத்தான் இருக்கும், வாய மூடிக்கிட்டு படி’ன்னாங்க.” கொஞ்சம் சிரித்தாள். “அதுவுமில்லாம, நீங்க பிரம்பு வச்சிருந்தீங்க.”

மேடையில் மைக் கைக்கு வந்தது. “எங்கப்பா ஒரு தோட்டாகூட சுட்டதில்ல. நான் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன்” என்று ஆரம்பித்து, பல்லைப் பிடுங்கியது, தார்ப்பாய் கட்டியது, கஞ்சி கிண்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் பேனர் அடித்தவளே எழுந்தாள்.

“எங்களுக்குத் தெரியும் டீச்சர். எங்க அக்காவுக்கு இம்பால்னு சொன்னீங்க, எனக்கு ஆப்பிரிக்கான்னு சொன்னீங்க. வீட்டுல தெனம் சண்ட!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். எவ்வளவு நாள் கழித்து அப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

விழா முடிந்து, பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பரங்கிப்பேட்டைக்காரி பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தூக்கைத் திறந்து எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். நெய்யும் பட்டையும் பூண்டும் மணந்தது. அதே ருசி.

“உங்க அப்பா கிண்டுன கஞ்சி இப்படி இருந்திருக்காது டீச்சர்” என்றாள். “அடி நல்லா புடிச்சி, ஒரே தீஞ்ச வாடையாம். ஆறு பேரும் மொகம் சுளிக்காம மூணு மூணு டம்ளர் குடிச்சாங்களாம். உங்க அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதாம்.”

மூன்றாவது பெஞ்சில் வாயே திறக்காமல், கொடியேற்றிய கதையை அவள் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு நினைவு வந்தது. டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.