வாடகை இறக்குமிடத்தில்

பார்சல் அனுப்பிய ரசீதை யாராவது ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிவார்களா? அவன் காட்டுவான். பக்கத்து ஊரான பிரம்மதேசத்துக்காரன், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் எலெக்ட்ரீஷியன். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் தங்கள் பழைய பைனாகுலர்களை அவனிடம் மலிவாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவற்றைத் துடைத்து, திருகாணி முடுக்கி, பறவை பார்ப்பவர்களின் இமெயில் குழு ஒன்றில் விற்பான். விலை சொல்வதற்கு முன்பே பொருளைக் கட்டி, போஸ்ட் ஆபீஸ் தராசில் நிறுத்து, அனுப்பும் செலவு இவ்வளவு என்று எழுதிவிடுவான். அனுப்பிய பிறகு ரசீதை ஸ்கேன் பண்ணிக் குழுவில் போடுவான். செலவு கொஞ்சம் குறைந்துவிட்டால் மிச்சத்துக்குத் தபால்தலை வாங்கிக் கவரில் வைத்து அனுப்புவான். குழுவே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

எனக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அந்தக் குழுவைக் கண்டுபிடித்ததே நான். மரக்காணம் பிரவுசிங் சென்டரில் மின்விசிறி இல்லாத மூலையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உள்ளானையும் பூநாரையையும் பற்றி எழுதியவன் நான். பக்கத்து நாற்காலியில் அவனை உட்காரவைத்துச் சேர்த்துவிட்டவனும் நானேதான். என் கையாலேயே எனக்கு வினையைத் தேடிக்கொண்டேன்.

2005ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிந்த சமயம். பெங்களூரிலிருந்து ஒரு பெரியவர் குழுவில் எழுதினார். பார்வை மங்கிவிட்டது, ஸ்டாண்டோடு என் டெலஸ்கோப்பைக் கொடுத்துவிடப்போகிறேன், விலை முக்கியமில்லை, நல்லபடியாக வைத்துக்கொள்பவருக்குத்தான் தருவேன், கண்ணாடிக்கு அடிபடாமல் எப்படி எடுத்துப்போவீர்கள் என்பதையும் எழுதுங்கள் என்று.

அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் உப்புப் பாத்திகளுக்கு அப்பால் கழுவெளி ஏரித் தண்ணீரில் பூநாரைகள் நிற்பது தெரியும். தெரியும் என்றால், வெள்ளையாக ஏதோ நிற்பது தெரியும். அவ்வளவுதான் என் பைனாகுலரின் யோக்கியதை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அவற்றை முகம் பார்த்ததில்லை. அந்த டெலஸ்கோப் எனக்கு வேண்டும். எனக்கு மட்டும் வேண்டும். அன்றைக்கே பெரியவருக்குத் தனியாக எழுதிவிட்டேன்.

அவன் போன் பண்ணிக் கேட்டான், பெங்களூர்க்காரருக்கு எழுதினாயா என்று. எனக்கெதுக்கு அதெல்லாம் என்று சொல்லிவிட்டேன். எழுதினேன் என்று சொன்னால் அவனுக்கும் ஆசை வந்துவிடுமே.

விலைக்குப் பணம் வேண்டும். என் பைனாகுலரைக் குழுவில் விற்பனைக்கு வைத்தேன். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா கேட்டார். அனுப்பும் செலவு எவ்வளவு என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் உப்பு ஆபீஸில் லோடு எழுதுகிறவன். எங்கள் தொழிலில் மூட்டையை ஏற்றி அனுப்புவதோடு அனுப்புகிறவன் வேலை முடிந்தது. லாரி வாடகையை, உப்பை இறக்குகிற இடத்தில் வாங்கியவர்தான் கொடுப்பார். வாடகைக் காசை இங்கேயே வாங்கிக்கொள்கிறவனை நடுவில் சுரண்டுகிறான் என்று பேசுவார்கள். அதனால் அனுப்பும் செலவு என்று ஒரு பைசா வாங்க மாட்டேன் என்று டாக்டரம்மாவுக்குப் பெருமையாக எழுதினேன். பைனாகுலரை அட்டைப்பெட்டியில் கட்டி, ‘வாடகை இறக்குமிடத்தில்’ என்று மேலே எழுதி, தெரிந்த லாரி ஷெட்டில் போட்டேன். ரசீது காட்டுகிற பயலே, பார்த்துக்கொள், காசையே தொடாதவன் நான் என்று மனசுக்குள் ஒரு கொக்கரிப்பு வேறு.

டாக்டரம்மா குழுவில் எழுதினார். கோபமாக எழுதவில்லை, அதுதான் இன்னும் மோசம். பார்சல் வந்த தகவலே அவருக்குப் பல நாள் கழித்துத்தான் கிடைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே இருந்த ஷெட்டைத் தேடிப் போய், வாடகை, இறக்குகூலி, பெட்டி அங்கே கிடந்ததற்குக் குடோன் காசு எல்லாம் கட்டி எடுத்து வந்திருக்கிறார். பொருள் நன்றாக இருக்கிறது, ஆனால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன் என்று முடித்திருந்தார். அதற்குக் கீழே யாரோ ஒருவர், பிரம்மதேசத்து நண்பர் எப்படி அனுப்புகிறார் பாருங்கள், எல்லோரும் அப்படிச் செய்தால் என்ன என்று எழுதிவிட்டார்.

சுருக்கென்றது. காசு வாங்கியவன் யோக்கியன், வாங்காதவன் அயோக்கியனா? பதில் எழுத உட்கார்ந்தால், எனக்கு முன்னால் அவன் எழுதியிருந்தான். உப்பு லோடு அனுப்புகிறவர்களின் வழக்கம் இது, என் நண்பன் ஒரு பைசா தின்கிற ஆள் இல்லை என்று. எனக்காக வக்காலத்து வாங்குகிறானாம். அதற்கும் அவனைத்தான் பாராட்டினார்கள், எவ்வளவு பெருந்தன்மை என்று. கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

பட்டும் எனக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை. பெங்களூர்ப் பெரியவருக்கு நான் ஏற்கெனவே அனுப்பியிருந்த கடிதத்திலும் அதேதான் இருந்தது, அதைத் திருத்தி எழுத எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு ஒரு கஷ்டமும் வேண்டாம், லாரியில் போட்டுவிடுங்கள், எவ்வளவு வாடகையானாலும் இங்கே நான் கட்டிக்கொள்கிறேன் என்று. அதைவிடக் கௌரவமாக ஒரு மனுஷன் எப்படி எழுதுவான் என்று நினைத்திருந்தேன். அவன் எழுதியது ஒரே வரியாம். நானே பஸ்ஸில் வந்து மடியில் வைத்து எடுத்துப்போகிறேன் என்று.

டெலஸ்கோப் அவனுக்குப் போனது. பெரியவர் குழுவிலேயே அறிவித்தார். வாழ்த்துகள் வரிசையாக வந்தன. நானும் ஒன்று அனுப்பினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அதற்கப்புறம் மாடிக்குப் போவதையே விட்டுவிட்டேன். போய் எதை வைத்துப் பார்ப்பது? அவன் பிரம்மதேசத்து வயலில் ஸ்டாண்டை நட்டுக்கொண்டு கொக்கு பார்ப்பதை நினைத்து நினைத்து, ஆபீஸில் லோடுகளை மாற்றி எழுதித் திட்டு வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் மொபெட் சத்தம். அவன்தான். பின்னால் ஒரு பழைய மெத்தையைச் சுருட்டிக் கட்டியிருந்தான். அவிழ்த்தால் உள்ளே டெலஸ்கோப். காட்டிப் பீற்றிக்கொள்ள வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். மனசு அதற்குத் தயாராகவும் இருந்தது, நறுக்கென்று சொல்ல ஒரு வார்த்தைகூட வைத்திருந்தேன்.

“நீயும் எழுதியிருந்தன்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்டா. இது உன் வூட்லயே இருக்கட்டும். உப்புப் பாத்திங்க இங்கதான இருக்குது. நான் லீவு நாள்ல வந்து பார்த்துக்கிறேன்.”

பெரியவர் சம்மதிப்பாரா என்று முறைப்பாகக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். நீ வாங்கியதை நீயே வைத்துக்கொள், எனக்கு யாரும் தானம் பண்ண வேண்டாம் என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

“பைனாகுலரையும் வித்துட்ட. எத வச்சிப் பார்ப்ப?”

அலட்டியிருந்தால், குத்திக்காட்டியிருந்தால், நான் பாட்டுக்கு நிம்மதியாகப் பொறாமைப்பட்டுக்கொண்டு இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான், பாவி. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கை டெலஸ்கோப்பை வாங்கிக்கொண்டுவிட்டது.

டீ குடித்துவிட்டு அவன் கிளம்பினான். நான் டெலஸ்கோப்பை மாடிக்குக் கொண்டுபோனேன். பறவைகளைப் பார்க்கவில்லை. கண்ணாடியை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல், ஒரு பூஞ்சைப் புள்ளி, பஸ்ஸில் வந்ததில் ஒரு சின்ன அடி. இருந்தால் அவனுக்குப் போன் போட்டுச் சொல்லலாம். வெகுநேரம் தேடினேன். ஒன்றுமே இல்லை.