அவர் அழவில்லை

மருதமுனையில் றுகையா டீச்சரிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. அட்டாளைச்சேனைப் பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்திலேயே மேடையேறிப் பேசியவர். கலியாணத்துக்குப் பிறகு மேடை கணவர் காலிதீனுக்குப் போய்விட்டது. காலிதீன் துணிக்கடைக்காரர், வெண்கலக் குரல்காரர். என்ன பேசுவது என்று றுகையா வீட்டில் சொல்லிக் கொடுப்பார். காலிதீன் மேடையில் கைதட்டு வாங்கிக்கொண்டு வருவார். இது என்ன நியாயம் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

சவூதியிலிருந்த தம்பி டீவியும் வீடியோ டெக்கும் அனுப்பிய பிறகு றுகையாவுக்குப் படப் பைத்தியம் பிடித்தது. சும்மா பார்க்கிற ஆள் இல்லை. ஆகா என்ன நடிப்பு என்று ஊர் சொல்லும் இடம் வந்தால், கசெட்டைப் பின்னுக்கு ஓட்டி, சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்பார். வசனமும் வயலினும் போன பிறகு முகத்தில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் நடிப்பு என்பது அவருடைய கட்சி. அந்தச் சோதனையில் பல பெரிய நடிகர்கள் பாவமாய் வாயசைத்துவிட்டுப் போனார்கள்.

தொண்ணூற்றைந்தில் வாசிகசாலை ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். நடிப்பில் சிறந்தவர்கள் அந்தக் காலத்தவரா, இந்தக் காலத்தவரா என்பது தலைப்பு. காலிதீன் அந்தக் காலத்து அணிக்குத் தலைவர். றுகையா அவரை உட்காரவைத்து இரண்டு படங்களைப் போட்டுக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு தகப்பன் சோறு தின்றுகொண்டிருக்கும்போது மகன் செத்த செய்தி வருகிறது. எழுந்துபோய்க் கை கழுவுகிறார். செம்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் விரல்களைத் தேய்த்துக்கொண்டே நிற்கிறார். புதுப்படத்திலும் ஒரு தகப்பன், அதே செய்தி. மகனுக்காகக் கொண்டுவந்த குடையை பஸ் நிலையத்தில் விரிக்கிறார், மடக்குகிறார், மறுபடி விரிக்கிறார்.

“ரெண்டு பேரும் அழல்ல, பாத்தீங்களா? காலம் மாறினாலும் வேல ஒண்டுதான்,” என்றார் றுகையா.

“ரெண்டும் ஒண்டெண்டா நான் என்னத்துக்குப் பட்டிமன்றத்துக்குப் போற?” காலிதீன் பாதிப் படத்தில் கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“அப்ப பழையவர மட்டும் சொல்லுங்க. அந்தக் காலத்தாக்கள் கத்தித்தான் நடிச்சாங்க எண்டு மத்த அணி சொல்லும். அதுக்கு இந்தக் கை கழுவுற இடம் போதும். உள்ளத உள்ளபடி சொல்லுங்க.”

“ஓம், ஓம்,” என்று தலையாட்டினார் காலிதீன்.

விழா நாளில் பாடசாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கத்தைச் சீலை கட்டி மறைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் மாமியார் சல்மா உம்மாவுக்குப் பக்கத்தில் றுகையா உட்கார்ந்திருந்தார். காலிதீன் நன்றாகத்தான் தொடங்கினார். கை கழுவும் இடம் வந்தது. சபை அமைதியாகிவிட்டது. அந்த அமைதி அவருக்குத் தாங்கவில்லை.

“கழுவிய கையாலேயே நெஞ்சில் அடித்தார்! ‘மகனே!’ என்று கதறினார்! அந்தக் கதறலில் கொட்டகையே சேர்ந்து அழுதது!”

கைதட்டு கூரையைப் பிய்த்தது. றுகையாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயே திறக்காமல் நின்ற ஒரு மனிதனை, பதில் சொல்ல அவன் இங்கே இல்லை என்ற தைரியத்தில், கத்த வைத்துவிட்டாரே. றுகையா எழுந்துவிட்டார்.

“இரி புள்ள, ஆம்புளையள் இரிக்காங்க,” என்று சல்மா உம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

“இரிக்கட்டும் மாமி.” சீலைக்குப் பின்னாலிருந்து மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “பொய்! அவர் அழல்ல!”

நடுவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “ஆரது? காலிதீன்ட பொஞ்சாதியா?”

“என்ட பேர் றுகையா. அந்த இடத்தக் காட்டிக் குடுத்ததே நான்தான். அழாம நிண்டதுதான் அந்த மனிசன்ட நடிப்பு. அவரக் கத்த வெச்சா, பழையாக்கள் கத்தினாங்க எண்டு மத்த அணி சொல்றது சரியாப் போயிரும்.”

சிலர் சிரித்தார்கள், சிலர் உஸ் என்றார்கள். நடுவர் மணியடித்து அமர்த்தினார். கடைசியில், கைதட்டை வைத்தோ என்னவோ, காலிதீன் அணிக்கே வெற்றி என்று தீர்ப்புச் சொன்னார். பரிசாக ஒரு பளபளக்கும் கிண்ணமும் கொடுத்தார்கள்.

காலிதீன் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தபோது றுகையா வாசலில் நின்றார்.

“நீங்க வாங்க. அது என்ட ஊட்டுக்குள்ள வரப்படா.”

அந்த ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணின் பெயரில்தான் எழுதப்படும். மாப்பிள்ளை வந்து சேருகிற ஆள். காலிதீன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு நடந்தார். அதுவும் உம்மாவின் பெயரில் இருந்த வீடுதான்.

“அவ சொன்னது பொய்யா மனே?” என்று சல்மா உம்மா கேட்டார். மகன் தலையைக் குனிந்தார். “அப்ப அத இஞ்ச கொண்டு வராத.”

ஊரிலே அத்தனை வாசல்கள் இருந்தும் ஒன்றும் அவருக்குச் சொந்தமில்லை. திரும்பி வந்து, கிண்ணத்தை வெளியே சைக்கிள் கெரியரில் வைத்துக் கட்டிவிட்டு உள்ளே போனார்.

“அந்த இடத்த ஒருக்கா போட்டுக் காட்டு.”

றுகையா கசெட்டைப் போட்டார், சத்தத்தை நிறுத்தினார். இந்தத் தடவை காலிதீன் அசையாமல் பார்த்தார். செம்பு காலியாகி, அந்த விரல்கள் தேய்த்துக்கொண்டே இருந்தன.

“அழல்லதான்,” என்றார் காலிதீன்.

“இத எனக்கிட்டச் சொல்லாதீங்க,” என்றார் றுகையா. “மைக்கப் புடிச்சி, அதே மண்டபத்துல சொல்லுங்க. அதுவரைக்கும் அந்தக் கப்பு வெளியிலேயே கிடக்கட்டும்.”