சும்மா அடித்தார்

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலத்தில், கொழும்பில் ஒரு மனநோய் ஆசுபத்திரியில் நான் வார்டு உதவியாளனாக இருந்தேன். நாற்பத்தைந்து நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டு பேர். கடிப்பார்கள், துப்புவார்கள், சாப்பாட்டுத் தட்டை முகத்தில் எறிவார்கள். மேலே போய் முறையிட்டால், "அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்" என்பார்கள். எனக்கு ஆங்கிலம் எழுத வருமென்பதால் வார்டின் அறிக்கைப் புத்தகம் என் கையில் இருந்தது.

கொட்டாஞ்சேனைப் புடவைக் கடைக்காரர் ஒருவர், முஸ்லிம், மூன்று மாதமாக அமைதியாக இருந்தார். அந்த வாரமும் புத்தகத்தில் அவர்மேல் புகார் விழாவிட்டால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை பின்னேரம் மருந்துக் கோப்பையோடு போனேன். துவாயை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். மூன்று தரம் கூப்பிட்டேன், திரும்பவில்லை. காலையில்தான் வேறொருவன் என் சட்டையைக் கிழித்திருந்தான். எரிச்சலில் அவருக்கு முன்னால் போய் நின்று கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் இடித்துத் தள்ளினார். கோப்பை உடைந்தது. என் உதடும் கிழிந்தது.

என்னோடு வேலை செய்த சிங்களவர், என்னை எப்போதும் 'மல்லி', தம்பி, என்றே கூப்பிடுபவர், சிரித்தார். "எழுது மல்லி, எழுது! நேத்து என்ட பல்லு, இண்டைக்கு உன்ட சொண்டு. நாளைக்கு நம்மட பொண்டாட்டிமாருக்கே நம்மள அடையாளம் தெரியாது!"

"காரணமின்றித் தாக்கினார்" என்று எழுதினேன்.

வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீடு முஸ்லிம் வீடு. தொழுகையில் நிற்பவர் பதில் சொல்லமாட்டார், அவருக்கு முன்னால் குறுக்கே போகக்கூடாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

வெள்ளிக்கிழமை அவருடைய தம்பி புதுச் சாரமும் தொப்பியும் கொண்டுவந்தார். டாக்டர் என் வரியைக் காட்டி, அனுப்ப முடியாது என்றார். அடித்தவரிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகம் இருக்கும்போது நோயாளியை யார் கேட்பது? வாசலில் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட நானா ஏன் ஐயா அடிச்சாரு?"

"சும்மாதான்."

"சும்மா கை நீட்டுற ஆள் இல்லயே அவரு. நேரத்துக்குத் தொழுறாரா?"

"ஓம், தொழுறவர்."

தம்பி அந்தப் புதுத்துணிப் பார்சலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பின்னேரம் அவருடைய அண்ணன் துவாயை மேற்குச் சுவரோடு ஒட்டி விரித்தார். குனிந்து தலைவைக்கக்கூட இடம் போதவில்லை. முன்னால் யாரும் வந்து நிற்க முடியாது. ஒரு வரியை மாற்றினால் இனி எங்கள் எந்த வரியையும் நம்பமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. நான் அந்த வரியை வெட்டவில்லை.