அன்ஸ்மெல்

ஏழாம் வகுப்பில் என் இங்கிலீஷ் நோட்டைத் திறந்தால் தாளின் வாசனை வராது, பதனிட்ட ஆட்டுத்தோலின் வாசனைதான் வரும். ஆம்பூரில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை, ஊரே அந்த வாசனையில்தான் இருந்தது. தோல் கம்பெனியில் ஓரம் வெட்டிக் கழித்த துண்டுகளை என் பெஞ்சு தோஸ்த் முனீர் பை நிறையக் கொண்டுவருவான். தனராஜ் சார் அவற்றில் மையால் இங்கிலீஷ் சொற்களின் உறுப்புகளை எழுதித் தருவார்: ‘அன்’, ‘டிஸ்’, ‘ரீ’ எல்லாம் தலைகள், ‘லெஸ்’, ‘மென்ட்’ எல்லாம் வால்கள், நடுவில் ஓர் உடம்பு. நாங்கள் அடுக்கிப் பார்த்துப் பொருள் சொல்ல வேண்டும். “நீதிக்கு முன்னாடி ‘அ’ வந்து ஒக்காந்தா அநீதி ஆவுதுல்ல, அதே வேலதான்டா இதுவும்” என்பார். நாங்கள் அதற்கு வைத்த பெயர் ‘தோல் பாடம்’.

விதிமுறையில் தோல் பாடம் கிடையாது. விதிமுறையில் இருந்தது சொற்பொருள் நோட்டு: பாடத்துக்குப் பத்துச் சொல், இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், வாரம் ஒரு கையெழுத்து. எங்கள் நோட்டுகளில் அப்படி ஒரு பட்டியல்கூட இல்லை. ஒருநாள் காலையில், பிற்பகல் ஆய்வாளர் வருகிறார் என்று செய்தி வந்தது. சார் தற்காலிக ஆசிரியர், ஆய்வாளர் எழுதும் குறிப்பு சரியில்லாவிட்டால் அடுத்த வருஷம் வேலை இல்லை என்பதைத் தலைமை ஆசிரியர் வராந்தாவில் அவரிடம் சொன்னது எங்கள் வகுப்பு முழுக்கக் கேட்டது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்து, சார் வெளியே போனதும் முனீர் துண்டுகளை பெஞ்சில் கொட்டினான். “எட்டு பாடம், ஆளுக்கு எம்பது சொல்லு. கம்மியா எழுதினா சாருக்குத்தான் பேஜார்.” யாரும் சாப்பிடப் போகவில்லை. ஓர் உடம்புக்கு நாலு தலை, மூன்று வால் என்று மாட்டி மாட்டி எழுதினோம். தெரிந்த சொற்கள் தீர்ந்த பிறகு தெரியாத சொற்களைச் செய்தோம். முனீர் ‘அன்ஸ்மெல்’ என்று எழுதி, எதிரே ‘நம்ம ஊரைத் தாண்டிப் போதல்’ என்று பொருளும் எழுதினான். அப்படி ஒரு சொல் இல்லை என்றேன். “அவரு இன்னா படிக்கவா போறாரு, எண்ணுவாருடா” என்றான்.

ஆய்வாளர் எண்ணித்தான் பார்த்தார். எண்ணி முடித்த நோட்டுகளில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். பின்னால் வந்த சார் முனீரின் நோட்டை எடுத்துப் படித்தார். பேசாமல் மூடி வைத்திருக்கலாம். தலைமை ஆசிரியர் கண்ணால் கெஞ்சியதும் எங்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் சார் நோட்டை ஆய்வாளரிடம் நீட்டினார்.

“சார், இந்த வார்த்தை இங்கிலீஷ்லயே கெடையாது. இந்த லிஸ்ட்டெல்லாம் பசங்க இன்னிக்கு மத்தியானம் எழுதினது.”

ஆய்வாளர் சொல்லைப் பார்த்தார், அதன் கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். போட்ட கையெழுத்தை அடித்தால் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணத்துக்கு மேலிடம் விளக்கம் கேட்கும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“கையெழுத்து போட்டாச்சு தனராஜ். இனிமே அது இருக்குற வார்த்தைதான்.”

சொற்பயிற்சி திருப்திகரம் என்று குறிப்பு எழுதினார். சாருக்கு வேலை நிலைத்தது. மறுநாள் நாங்கள் திட்டுக்குக் காத்திருந்தோம். சார் முனீரின் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, “சொல்லு தப்புடா. அர்த்தம் நல்லாத்தான் இருக்குது” என்றார்.

பிற்பாடு நானும் கல்வி அலுவலகத்தில்தான் சேர்ந்தேன், முப்பது வருஷத்துக்கு மேல் பட்டியல்களை எண்ணினேன், ஒரு நோட்டைக்கூடப் படித்த நினைவில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் படிக்க நேரம் வந்தது. போன மாதம் மேல்விஷாரம் பக்கம் ஒரு பள்ளி விழாவுக்கு அழைத்திருந்தார்கள். இப்போது தலைகளும் வால்களும் பாடப்புத்தகத்திலேயே வண்ணக் கட்டத்துக்குள் முறைப்படி வந்துவிட்டன. பிள்ளைகள் அதைப் பார்த்து இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று எழுதியிருந்தார்கள். முதல் பெஞ்சுப் பெண்ணிடம், நீயாக ஒரு சொல் செய்து காட்டு என்றேன். அவள் டீச்சரைப் பார்த்தாள். “புக்ல இருக்கறத சொல்லட்டுமா சார்?”

அத்தனை நோட்டுகளையும் வாங்கி, இந்த முறை எண்ணாமல் வரிவரியாகப் படித்தேன். ஒரு தப்புகூட இல்லை.