நானே அழித்த எண்கள்

ஜார்ஜ்டவுனில் ஆறு பேர் உள்ள எங்கள் அலுவலகத்தில், தொழிற்சாலை இயந்திரங்களைச் சோதிக்கும் மென்பொருள் எழுதுகிறோம். நிரலில் ஒரு திருத்தத்தைச் சேமித்தால், எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளம் ஒன்று அதற்கு விழும். கமிட் ஹாஷ் என்போம். அதன் முதல் ஏழு எழுத்தைச் சொன்னாலே எந்தத் திருத்தம் என்று தெரிந்துவிடும்.

வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிக்கையில் ஒவ்வொரு திருத்தத்தையும் அந்த ஏழு எழுத்தால்தான் குறித்திருந்தேன். மறுநாள், பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று பழைய சேமிப்புகளை ஒன்றாக்கி, சர்வரில் இருந்தவற்றுக்குப் பதிலாக ஏற்றினேன். அப்படிச் செய்தால் ஹாஷ் எல்லாம் மாறிவிடும் என்பது எனக்குத் தெரியும். அறிக்கைதான் நினைவில் இல்லை.

ஒரு வாரம் கழித்துக் காலையில் மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, ரிப்போர்ட்ல உள்ள நம்பரை கிளையண்ட் நம்ம சர்வர்ல அடிச்சா ஒண்ணுமே வரலையாம். மூணு மணிக்கு மீட்டிங் கேக்குறாங்க. என்னான்னு பாருங்க."

"பாக்குறேண்ணே."

அடித்துப் பார்த்தேன். இல்லை. என் கணினியையும் அந்த வாரம்தான் முழுக்க அழித்து மாற்றியிருந்தார்கள்; பழைய பிரதி அதிலும் இல்லை. இல்லாத எண்களைக் கொடுத்து ஏமாற்றினோம் என்றல்லவா நினைப்பார்கள்?

பிரசவ விடுப்பில், கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட் வீட்டில் இருந்த சக ஊழியர் அக்காவை அழைத்தேன்.

"அக்கா, ஆபிஸ் லேப்டாப்பைத் தொறந்தீங்களா?"

"புள்ள பொறந்ததுலேர்ந்து தொடவே இல்லலா. ஏன்?"

"தொடாதீங்க. பழைய சேமிப்பு அதுலதான் அப்படியே இருக்கணும். நான் வரேன்."

கடல் பாலத்தில் நெரிசல்; கரேத்தா, பஸ், லாரி எதுவுமே நகரவில்லை. போய்ச் சேரும்போது மணி ஒன்று. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. அது உயிர் பெறும்வரை அக்கா கொடுத்த மைலோவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அக்கா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு கையால் தட்டினார். "நம்பரைச் சொல்லுங்க." சொன்னேன்.

"இருக்குலா. எல்லாமே இருக்கு."

பழைய சேமிப்புகளை வேறு பெயரில் சர்வரில் ஏற்றினோம். மேனேஜருக்கு அங்கிருந்தே போன் செய்து, தவறு என்னுடையது என்று சொன்னேன்.

"சரி. மீட்டிங்ல நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். மூன்று மணி மீட்டிங்குக்கு வந்தவர்கள் ஒவ்வொரு எண்ணாக அடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அக்காவின் குழந்தை முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.